மில்லி அக்கா ஒளித்து வைத்த இடம்

ஒன்பது நாடுகள் சேர்ந்து ஒரு இயந்திரம் கட்டத் திட்டம் போட்டால் முதல் சண்டை எதில் வரும்? அறிவியலில் வராது. அதில் எல்லாரும் பெரிய மனது படைத்தவர்கள். பணத்தில்கூட அவ்வளவு சீக்கிரம் வராது. இடத்தில்தான் வரும். உன் சாமான் என் சாமான் மேல் இடிக்கிறது, கொஞ்சம் தள்ளி வை என்று ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறுக்கும் இதற்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே ஒரு விரல் நகத்தின் அகலத்துக்குச் சண்டை போடுவார்கள். படித்தவர்கள் என்பதால் நடுநடுவே 'தயவுசெய்து' சேர்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான் மில்லி அக்காவின் வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவள் மில்லிமீட்டர் அக்கா, அவசரத்துக்கு மில்லி அக்கா. ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில், படியேறியதும் இடது கைப் பக்கம் அவள் அறை. இரண்டு பெரிய திரைகள், ஜன்னலோரம் சாகவும் மனமில்லாமல் துளிர்க்கவும் மனமில்லாமல் நிற்கும் ஒரு செடி, கணவர் கால்சட்டைத் துணியின் மிச்சத்தில் தைத்துக் கொடுத்த திண்டு போட்ட நாற்காலி. கொதிகலன் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தவள், இரண்டு வருஷம் இருந்து பார்க்கலாம் என்று இங்கே வந்தாள். முப்பது வருஷமாக இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன இயந்திரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தடியில் ஒரு வட்டச் சுரங்கம். அதில் எலக்ட்ரான்கள் ஒரு திசையிலும் பாசிட்ரான்கள் எதிர்த்திசையிலும் ஓடிவந்து ஓர் இடத்தில் மோதிக்கொள்ளும். அந்த மோதலில் கனமான துகள்கள் பிறக்கும், பிறந்த வேகத்தில் உடைந்து வேறு துகள்களாகச் சிதறும். எது எதுவாக உடைகிறது, எத்தனை தடவை உடைகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினால், இந்த உலகத்தில் பொருள் என்று ஒன்று ஏன் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கலாம். குவார்க்குகள் என்ற அடிப்படைத் துகள்களில் ஆறு ரகம் உண்டு. அந்த ரகத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் சுவை. வீட்டின் மேல் மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு இதை ஒருநாள் விளக்கப்போய், அக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஆறு சுவையா? நாக்குல வெச்சா பாத்தாங்க?" என்றாள் நாத்தனார்.

"இல்ல அண்ணி, சும்மா பேருதான்."

"சும்மா ஒரு பேரு வெச்சதுக்கு ஒன்பது நாடா? நல்லா இருக்கு போ."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. நாத்தனார் இன்றைக்கும் அக்காவின் ஆபீஸை 'அந்தச் சமையல் கம்பெனி' என்றுதான் சொல்கிறாள்.

மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றி, சிதறும் துகள்களைப் பிடிக்க வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கருவிகள் வரும். உள்ளே கம்பிக்கூண்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி வளையம், அதற்கு வெளியே படிகக் கற்களால் ஆன சுவர், அதற்கும் வெளியே பெரிய காந்தம். இவற்றின் இண்டு இடுக்கில் எல்லாம் ஆயிரக்கணக்கான வயர்கள். ஒவ்வோர் அடுக்கையும் ஒவ்வொரு நாடு செய்யும். எங்கள் ஊர்ப் பொருள் உள்ளே இருக்கிறது என்று காட்டினால்தான் அந்தந்த அரசாங்கம் கையெழுத்துப் போடும். ஓர் அடுக்கு பருத்தால் அதற்கு வெளியே இருக்கிற எல்லாம் பெரிதாக வேண்டும், செலவு எகிறிவிடும். ஆகவே, உனக்கு இவ்வளவு, உனக்கு இவ்வளவு என்று கோடு போட்டுப் பிரித்துக் கொடுப்பது அக்காவின் கையில் இருந்தது.

பாகம் பிரிக்கிற இடத்தில் எல்லாரும் செய்வதைத்தான் இவர்களும் செய்வார்கள். பத்து வேண்டுமென்றால் பன்னிரண்டு கேட்பார்கள். மிச்சத்தை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல் உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்கு நம் பொருள் கொஞ்சம் வீங்கினால் என்ன செய்வது என்ற பயம். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் தன் மடியையும் அவிழ்க்க வேண்டியிருக்குமே.

ஆனால் எல்லா மடிகளையும் விடப் பெரிய மடி அக்காவுடையது என்பதுதான் அந்த வட்டாரத்தில் பேச்சு. அதற்கு ஒரு கதை உண்டு.

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால், பழைய இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டிருந்த சமயம். ஓர் அடுக்கு உள்ளே போகவே மாட்டேன் என்றது. கிரேன் பாதியில் நின்றது. தலையில் தொப்பியும் முகத்தில் ஈயாடாமலும் முப்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் அறைக்கு ஓடிப்போய்ப் படங்களைப் புரட்டினாள். ஒரு தாங்குத் தகட்டின் கனத்தை அவள் பழைய படத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். நிஜத் தகடு அதைவிட மெல்லியது. கோடு தப்பு. ஆனால் அந்தத் தப்பால் அங்கே ஏழு மில்லிமீட்டர் இடம் சும்மா கிடந்தது. கீழே வந்து, "ஏழு இருக்கு, இந்தப் பக்கம் நகத்துங்க" என்றாள். நகர்த்தினார்கள். அடுக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வயர் வேலைக்குத் தலைவரான பெரிய மீசைக்காரர், எல்லாரும் வயர் மாமா என்று கூப்பிடுகிறவர், அவள் கையைப் பிடித்துத் தூக்கி, "பாத்தீங்களா, அக்கா எங்கயோ ஒளிச்சு வெச்சிருந்திருக்கா!" என்று கத்தினார். கைதட்டல் அடங்கிய பிறகு நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அது அடங்குவதற்குள் இயக்குநர் வந்து கை குலுக்கிவிட்டார். இயக்குநரிடம் போய், நான் தப்பாக வரைந்தேன் என்று யார் சொல்வது? மென்று விழுங்கிவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் மில்லி அக்கா ஆனாள். எங்கே இடித்தாலும், "அக்கா கையில இருக்கும்" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. பிடி கொடுக்காமல் ஒரு சிரிப்புச் சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் பெரிய பெரிய ஆட்கள் நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். சத்தியமாக அவளிடம் ஒரு தலைமுடி அளவு இடம்கூடக் கிடையாது.

புதுத் திட்டத்தில் கண்ணாடி வளையம் வந்தது ஒன்பதில் மிகச் சின்ன நாட்டுக்கு. அந்தக் குழுவில் மொத்தமே ஏழு பேர். அதன் தலைவி நாற்பது வயதுக்காரி. தொலைபேசியில் முதல் தடவை பேசியபோதே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள், இவளும் "தங்கச்சி" என்றே கூப்பிட ஆரம்பித்தாள். வளையத்தின் வேலை முக்கியமானது. சிதறும் துகள்களில் பயான், காவான் என்று இரண்டு உண்டு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எது எது என்று பிரித்துச் சொல்வது அந்தக் கண்ணாடிதான். அது இல்லாவிட்டால் மற்ற அடுக்குகள் எண்ணுகிற எண்ணிக்கை எல்லாம் குருட்டு எண்ணிக்கை.

வம்பு சோதனையில் வந்தது. கண்ணாடிப் பட்டைகளைப் பெட்டியில் அடுக்கிப் பார்த்தபோது பெட்டி தொய்ந்தது. தொய்ந்தால் கண்ணாடி விரிசல் விடும். கனமான பெட்டி வேண்டும். அதற்குப் பதினெட்டு மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். திட்ட அறிக்கை ஒன்பது அரசாங்கங்களுக்கும் போவதற்கு முன்னால் கடைசிக் கூட்டம் அடுத்த வாரம். தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களத்தான் நம்பியிருக்கேன். எங்க வளையம் இல்லன்னா எங்க மந்திரி கையெழுத்து போட மாட்டாரு. நாங்க ஏழு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். எல்லாரும் சொல்றாங்க, உங்க கையில இருக்கும்னு. இருக்கும்ல?"

அக்கா வழக்கமான சிரிப்பைச் சிரித்தாள். தொலைபேசியில் அது ஒரு மூச்சுச் சத்தமாகத்தான் போயிருக்கும். தங்கச்சிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "அப்பாடா" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அக்கா படத்தைச் சலித்து எடுத்தாள். பழைய தப்பு மாதிரி இன்னொரு தப்பாவது செய்திருக்கிறோமா என்று ஆசையோடு தேடினாள். தன் தப்பைத் தானே இவ்வளவு ஆசையாகத் தேடியவள் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டாள். பாவம், இந்தத் தடவை ஒழுங்காக வரைந்திருந்தாள். எள் போட்டால் விழ இடமில்லை.

நடுவில் படிகக் குழுத் தலைவர் அறைக்கு வந்தார். ஒன்பதில் பெரிய நாட்டுக்காரர். பேச்சு வெண்ணெய் மாதிரி இருக்கும்.

"மேடம், கஷ்டப்படாதீங்க. வளையத்த இந்தத் தடவை விட்டுடலாம். அந்த ஏழு பேரையும் எங்க குழுவுலயே சேத்துக்கறோம். இடமும் மிச்சம், தலைவலியும் மிச்சம்."

"அப்ப பயான் எது, காவான் எதுன்னு யாரு சொல்றது?"

"அது அப்புறம் பாத்துக்கலாம், மேடம்."

அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவருக்கும் தெரியும். ஒரு நாடு கழன்றால் மற்ற எட்டும் தங்கள் பங்கை முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும், அதற்குள் எத்தனை மந்திரிகள் மாறுவார்களோ. ஆனால் சின்னவர்களின் பங்கைக் குறைப்பது எப்போதும் எளிது. கோட்டை இங்கிருந்து அங்கே நகர்த்தினால் முடிந்தது. யாரும் சத்தம் போட மாட்டார்கள். கோடு போடும் கை தன்னுடையதாக இருக்கிறதே என்பதுதான் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காததற்குக் காரணம்.

கணவருக்கு வீட்டுக்குக் கீழேயே தையல் கடை. பள்ளிச் சீருடைதான் பெரும்பாலும். வேலை முடிந்து வந்த அக்கா, கடை பெஞ்சில் பையை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எதையாவது சொல்லி மழுப்பிட்டு வந்துடு" என்றார் அவர், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "இத்தனை வருஷம் மழுப்பலையா?"

"இத்தனை வருஷம் யாரும் நிஜமா கேக்கலைங்க. இப்ப கேக்கறாங்க."

"இல்லன்னு சொன்னா உன் பேரு என்ன ஆகும்?"

பேர் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக ஒரு கூட்டமே அவளை மரியாதையாகப் பார்த்தது, அவள் ஒளித்தே வைக்காத ஏழு மில்லிமீட்டரை நம்பித்தான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அதுவரை அந்த மரியாதையோடு இருந்துவிட்டுப் போகலாம் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அதில் தப்பு என்ன இருக்கிறது?

கூட்டத்தன்று காலையில் தங்கச்சி நேரிலேயே வந்து இறங்கினாள். முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். குரலை வைத்து அக்கா உயரமானவளாக நினைத்திருந்தாள். வந்தவளோ சின்ன உருவம், பெரிய பை. பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசை மேல் வைத்தாள். புதுப் பெட்டியின் ஒரு மூலை, வெட்டி எடுத்தது.

"யாராவது, சும்மா பெருசா கேக்கறாங்கன்னு சொல்லிடக் கூடாதில்ல அக்கா. அதான் கையோட கொண்டுவந்தேன். அளந்து பாருங்க."

அக்கா இழுப்பறையிலிருந்து அளவுகோலை எடுத்து அளந்தாள். படத்தில் என்ன இருந்ததோ அதே அளவு. திருப்பி வைத்து மறுபடி அளந்தாள். அதே அளவுதான். ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை.

"நீங்க கொஞ்சம் சேத்துக் கேக்கலையா?"

"எதுக்கு அக்கா சேத்துக் கேக்கணும்?" தங்கச்சிக்கு நிஜமாகவே புரியவில்லை. அவள் இந்தக் கூட்டத்துக்குப் புதுசு. மடியில் முடிந்து வைப்பது என்று ஒரு வழக்கம் இருப்பதே அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அக்கா அளவுகோலை இழுப்பறையில் போட்டாள். முப்பது வருஷத்தில், வேண்டியதை மட்டும் கேட்ட ஒரே ஆள் இவள். வெட்டு விழப்போவதும் இவளுக்குத்தான்.

கூட்ட அறையில் நீள மேசையைச் சுற்றிப் பாதிப் பேர், சுவரில் இருந்த திரையில் மீதிப் பேர். திரையில் சிலர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் ஊரில் அது தூங்கும் வேளை. கூட்டத்தின் தலைவர் மெலிந்த மனிதர், எப்போதும் காபிக் கோப்பையும் கையுமாக இருப்பவர். மற்ற விஷயங்களை மளமளவென்று முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"அடுத்தது கண்ணாடி வளையம். பதினெட்டு வேணும். அக்கா, இப்ப உங்க பெட்டியத் திறக்கற நேரம் வந்தாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். வயர் மாமா மீசையைத் தடவிக்கொண்டு பெருமையாக அவளைப் பார்த்தார். தங்கச்சி துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் போல் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா எழுந்து நின்றாள். வழக்கமான அந்தச் சிரிப்பு பாதி வழி வந்து நின்றுவிட்டது.

"என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

"சரி சரி, விளையாடாதீங்க."

"விளையாடல. இப்பவும் இல்ல, எப்பவும் இருந்ததில்ல. அன்னிக்குக் கிடைச்ச ஏழும் நான் ஒளிச்சு வெச்சதில்ல. தகட்டோட கனத்தத் தப்பா வரஞ்சுட்டேன். அந்தத் தப்பு உதவிச்சு. நீங்க கைதட்டினீங்க, நானும் வாய மூடிட்டு இருந்துட்டேன்." தங்கச்சி பக்கம் கையைக் காட்டினாள். "இந்தத் தங்கச்சி கொண்டுவந்த பெட்டிய இப்பத்தான் அளந்தேன். கேட்ட அளவும் இருக்கற அளவும் ஒண்ணா இருக்கு. அவங்ககிட்ட குறைக்கறதுக்கு எதுவும் இல்ல. என்கிட்ட குடுக்கறதுக்கு எதுவும் இல்ல. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

உட்கார்ந்துவிட்டாள். திரையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் வாயை மூட மறந்துவிட்டார். தங்கச்சியின் முகத்தைப் பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. மேசையின் மரக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், இன்றோடு மில்லி அக்கா செத்தாள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் நாற்காலியை இழுத்தது வயர் மாமா.

"அப்ப நீ நிஜமாவே..." என்று ஆரம்பித்தவர், தலையைச் சொறிந்தார். "அட, உன்கிட்ட இருக்குன்னு நம்பித்தானே நான் என்னோடத வெளிய எடுக்காம இருந்தேன்!"

"உங்களோடதா? என்ன உங்களோடது?" என்றார் தலைவர்.

"அஞ்சு இருக்கு" என்றார் மாமா, அசடு வழிய. "வயரு வீங்கினா வேணுமேன்னு வெச்சிருந்தேன். எடுத்துக்கங்க."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். திரையில் கம்பிக்கூண்டுக் குழுத் தலைவி கையைத் தூக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்களிடமும் ஒரு நாலு இருக்கலாம் என்றாள். இருக்கலாமா, இருக்கிறதா என்று தலைவர் கேட்டதும், இருக்கிறது என்றாள். காந்தக் குழுக்காரர் தன் பக்கத்தில் இருந்தவரோடு குசுகுசுவென்று பேசிவிட்டு ஏழு என்றார். ஏழு என்றதும் அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது. "காந்தம் பெருசு இல்லையா, அதுக்கேத்த மாதிரிதான் இருக்கும்" என்று அவர் முணுமுணுத்தார்.

மிச்சம் படிகக்காரர். எல்லாக் கண்ணும் அவர் மேல்.

"நாங்க கணக்குப் பாத்துத்தான் சொல்ல முடியும்" என்றார் வெண்ணெயாக.

"பாருங்க, இருக்கோம்" என்றார் தலைவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. எப்போதும் கையில் இருக்கிற கோப்பை கீழே வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

படிகக்காரர் கணினியைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு" என்றார். தலைவரின் கோப்பை கீழேயே இருந்தது. "சரி, அஞ்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவருமே சிரித்துவிட்டார். அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது. பல வருஷமாக வயிற்றை எக்கிக்கொண்டு நின்றவர்கள் ஒருசேர மூச்சை விட்ட மாதிரி இருந்தது.

தங்கச்சிக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரியவில்லை. ஆளாளுக்கு இடம் தருகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவின் கையைத் தேடிப் பிடித்தாள். இல்லை என்று சொன்னவளின் கையையே பிடிக்கிறாளே என்று அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது.

தலைவர் கூட்டிப் பார்த்தார். "இருபத்தொண்ணு. வளையத்துக்குப் பதினெட்டு போக மூணு மிச்சம். அது யாருக்கு?"

அக்கா ஏற்கெனவே மடிக்கணினியில் கோடுகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "எந்த மூணு?" என்றாள்.

வயர் மாமா மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தலைவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். "அடுத்த விஷயத்துக்குப் போலாம்" என்றார்.

சாயங்காலம் கடைக்கு வந்தபோது கணவர் ஒரு சீருடைக் கால்சட்டையின் கீழ் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டானாம். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கச்சியை ரயிலேற்றிவிட்டு வந்ததையும், அவள் அந்தப் பெட்டி மூலையைத் தன்னிடமே கொடுத்துவிட்டுப் போனதையும் சொன்னாள். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆக, பேரு போகல."

"போகலைங்க. இன்னும் கெட்டியாயிடுச்சு."

"மிஷின் எப்ப ஓடும்?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் ஆகும். அப்ப நான் எங்கயோ, நீங்க எங்கயோ. கட்டிப் பூட்டும்போது எப்படியும் ஏதாவது இடிக்கும். அன்னிக்கு என்னத் தேடிட்டு வருவாங்க."

"அந்த மூணு எங்க வெச்சிருக்க?"

அக்கா எதிர்ச் சுவரில் தொங்கிய சின்னச் சின்னச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு, பிடி கொடுக்காத அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

"ஏய், என்கிட்டயுமா?" அவருக்கு நிஜமாகவே மனத்தாங்கல். "ஒண்ணும் இல்லைங்கறதப் பதினஞ்சு வருஷம் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாம காப்பாத்தினவன் நான். இப்ப இருக்கறதச் சொல்ல மாட்டேங்கற!"

"இல்லாததக் காப்பாத்தறது சுலபங்க" என்றாள் அக்கா. பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.